கூடாரத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சி

இரண்டாம் பாகம் முதல் பாகத்தின் கால்தூசி பெறாது என்று நான் தீர்ப்புச் சொன்னபோது, இரண்டாம் பாகத்தைப் பார்க்க ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வளைகாப்பு முடிந்து, முதல் பிரசவத்துக்காகக் கறம்பக்குடியிலிருந்து கீரனூரில் இருக்கும் தாய்வீட்டுக்கு வந்த அன்று அது. இரண்டு கையிலும் வளையல் குலுங்க, டிவிக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னேன். பிள்ளைத்தாய்ச்சியை யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்ற தைரியம்தான்.

சொல்வது வீடியோ கேமைப் பற்றி. ஒரு நாயகன், அவனோடு நாலைந்து கூட்டாளிகள். ஊர் ஊராக அலைந்து, வாளாலும் மந்திரத்தாலும் சண்டை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக லெவல் ஏறி, கடைசியில் ஒரு பெரிய பூதத்தைக் கொல்ல வேண்டும். இதன் முதல் பாகத்தை நானும் அண்ணனும் என் கல்யாணத்துக்கு முன்பு விளையாடி முடித்தோம். திருச்சியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அண்ணன் யாரிடமோ கேம் பெட்டியைப் பழையதாக வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். கண்ட்ரோலர் ஒன்றுதான் இருந்தது. அதனால் கட்டைவிரல் அவனுடையது, மூளை என்னுடையது என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். இந்தப் பிரிவினையை அவன் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

கூட்டாளிகளுக்கு நாமே பெயர் வைக்கலாம் என்றிருந்தது. பெயரா நமக்கு முக்கியம்? எங்கள் பக்கம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்கிறவரிடம் எந்த ஊர், யார் வீடு என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும், இறங்குவதற்குள் அவர் மாமனோ சித்தப்பாவோ ஆகிவிடுவார். ஒருமுறை முறை வைத்துவிட்டால் அப்புறம் செத்தாலும் மாறாது. அதே வழக்கப்படி கேமில் வந்தவர்களுக்கும் முறை வைத்தோம். பெரிய வாளோடு முன்னால் போய் அடி வாங்குகிறவன் மச்சான். காயத்துக்கு மருந்து போடுகிற நரைத்த தாடிக்காரர் சித்தப்பா. பூட்டை உடைத்து, கிடைத்த புதையலில் எல்லாவற்றிலும் பங்கு கேட்கிற திருடன் பங்காளி. கையிலிருந்து நெருப்பு வீசுகிற மந்திரக்காரிக்குத் தங்கச்சி என்று வைத்தான் அண்ணன். அவள் வாயைத் திறந்தாலே எதிரி எரிகிறான், வேறு என்ன பெயர் வைப்பது என்று கேட்டான்.

பெயருக்காகவே அவள் நானாகிவிட்டாள். எந்த எதிரிமேல் எந்த நெருப்பு என்பதை நான்தான் சொல்வேன். நல்ல அங்கி, நல்ல மோதிரம் எது கிடைத்தாலும் முதலில் அவளுக்குத்தான் போட வேண்டும். அண்ணன் முனகிக்கொண்டே போடுவான்.

கல்யாணமாகி நான் கறம்பக்குடிக்குப் போனேன். அதற்கப்புறம் அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது. இரண்டாம் பாகம் வெளிவந்தது அதற்கும் அப்புறம். முதல் பாகத்தில் நாங்கள் சேவ் செய்து வைத்தது பெட்டியில் அப்படியே இருந்தால் இரண்டாம் பாகம் அதை எடுத்துக்கொள்ளுமாம். பழைய ஆட்கள் பழைய பெயரோடு வருவார்கள். ஆனால் கதையின் தொடக்கத்திலேயே கப்பல் கவிழ்ந்து எல்லோருடைய சக்தியும் போய்விடுவதால், நாங்கள் கஷ்டப்பட்டு ஏற்றிய லெவலெல்லாம் கடலோடு போச்சு. எல்லோரும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அண்ணியும் அண்ணனும் சேர்ந்து விளையாடி, நான் வந்து சேர்ந்த சமயம் கடைசிப் பூதத்தின் வாசலில் நின்றார்கள். அண்ணன் கைகால் கழுவப் போயிருந்தபோது கண்ட்ரோலரை எடுத்துக் கூட்டாளிகளின் பட்டியலைத் திறந்தேன். மச்சானுக்குத் தங்கக் கவசம். சித்தப்பாவுக்குப் பட்டுத் தலைப்பாகை. பங்காளிக்குக்கூட வெள்ளிக் கத்தி. எல்லோரும் நாற்பதாவது லெவலைத் தாண்டியிருந்தார்கள். தங்கச்சி ஒன்பதாவது லெவலில், கப்பல் கவிழ்ந்த அன்று உடுத்தியிருந்த அதே கந்தல் அங்கியோடு, கூடாரத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். சண்டைக்குக் கூட்டிப்போகாதவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

என் தீர்ப்பு பிறந்தது அந்த இடத்தில்தான். பொம்மைக்காக யாராவது அழுவார்களா என்று கேட்காதீர்கள். இந்த வீட்டில் நான் இனி யார் என்ற கேள்வி, பஸ்ஸில் வரும்போதே என் மனதில் இருந்தது. என் அலமாரியில் அண்ணியின் புடவைகள் இருந்தன, அதுகூட எனக்கு உறைக்கவில்லை. அந்தக் கந்தல் அங்கி உறைத்தது.

ஆனால் இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? அதனால் இரண்டாம் பாகத்தைத் திட்ட ஆரம்பித்தேன்.

“இது என்ன, போற வழியெல்லாம் மஞ்சப் புள்ளி? முதல் பாகத்துல ஆளைப் பாத்துக் கேட்டுக் கேட்டுல்ல போவோம்” என்றேன்.

“ஆமா, கேட்டுக் கேட்டு ஒரே காட்டை ஒரு வாரம் சுத்துனோம்” என்றான் அண்ணன்.

அதுவும் உண்மைதான். முதல் பாகத்து மனிதர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் போலவே வழி சொல்வார்கள். ஆலையைத் தாண்டி இங்கிட்டுத் திரும்பு, அப்புறம் அங்கிட்டுத் திரும்பு என்பதோடு சரி. இரண்டாம் பாகத்தில் தொலைய வழியே இல்லை. போதாக்குறைக்கு, கண்ணில் படும் செடியை எல்லாம் பறிக்கலாம். உலகம் அழியப்போகிறது என்று ஓர் அரசி கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது, என் அண்ணன் அவள் அரண்மனைத் தோட்டத்தில் ஆட்டுக்குத் தழை ஒடிப்பவன் மாதிரி இலை பறித்துக்கொண்டிருந்தான்.

அண்ணி இரண்டாம் பாகத்தின் கட்சி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், எதையும் சிரித்துக்கொண்டே வாதாடுவார். முதல் பாகத்தில் மனிதர்களின் தலைமுடி கவிழ்த்த சட்டி மாதிரி அசையாமல் இருக்கும், இதில் காற்றுக்குப் பறக்கிறது என்றார். முதல் பாகத்தில் இடிந்த கோயில்கள் எத்தனை அழகு என்று நான் ஆரம்பித்தேன். அண்ணிக்குப் பிறந்த ஊர் கொடும்பாளூர், அவரிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

“இடிஞ்ச கோயில் பாக்க எதுக்குங்க டிவி? எங்க ஊருக்கு வாங்க. மூணு கோயில்ல ரெண்டு நிக்கிது, ஒண்ணு அடித்தளம் மட்டும் கெடக்குது. கரண்டுகூட வேணாம்” என்றார்.

அம்மாவின் கட்சி தனி. “குதிரை ரெண்டாவதுல நல்லாருக்குடி. மொதல்ல உள்ளது நாய் மாதிரி இருந்துச்சு” என்றாள். இந்த வீட்டில் எனக்கு ஆதரவாக ஒரு குரல்கூட இல்லை.

இப்படியே ஒரு வாரம் ஓடியது. தினமும் சாயங்காலம் அண்ணன் திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, டீ குடித்துவிட்டு, பூதத்திடம் போய் அடி வாங்குவான். அது உடம்பெல்லாம் பனிக்கட்டியாக இருக்கும் பூதம். வாள் பட்டால் சில்லு பெயரும், மறுபடி வளர்ந்துவிடும். நான் வயிற்றின்மேல் தட்டை வைத்துக்கொண்டு, மிக்சரைக் கொறித்தபடி, அவன் சாவதை ரசித்துப் பார்ப்பேன்.

ஒரு நாள் செத்து விழுந்தவுடன், “நெருப்பு வேணும்போல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

எனக்கு வந்ததே கோபம்.

“நெருப்புதான் கூடாரத்துல கந்தலோட உக்காந்திருக்கே, தெரியலையா? கட்டிக் குடுத்தாச்சுன்னா மூலையில உக்கார வச்சிருவீங்களோ? பங்காளிக்கு வெள்ளிக் கத்தி, தங்கச்சிக்கு ஒரு நல்ல துணிகூடக் கெடையாதா? புது ஆளு வந்துட்டா பழசு எதுக்குன்னு விட்டுட்டியா?”

புது ஆள் என்றது அண்ணியைக் குத்தும் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அண்ணனின் காது இரண்டும் சிவந்துவிட்டன. எழுந்து, “பால் வாங்கியாரேன்” என்று வெளியே போய்விட்டான். ஃப்ரிட்ஜில் இரண்டு பாக்கெட் பால் இருந்தது.

அண்ணி கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அவுக ஒங்களை விடலைங்க. அந்தப் புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போனா என்னாகும்னு ஒங்களுக்குத் தெரியாது” என்றார்.

விஷயம் இதுதான். முதல் பாகத்தில் காதல் கத்தரிக்காய் எதுவும் கிடையாது. இரண்டாம் பாகத்தில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். மந்திரக்காரி நாயகனோடு நாலு சண்டைக்கு வந்து லெவல் ஏறினால் போதும், அன்று இரவு தீ மூட்டி எல்லோரும் தூங்கும்போது அவள் மட்டும் எழுந்து வந்து நாயகன் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைத் தாழ்த்திப் பேச ஆரம்பிப்பாள். அந்தக் காட்சியைத் தாண்டவும் முடியாது. நாயகன் சார்பில் நாமே பதிலைத் தேர்ந்தெடுத்து அழுத்த வேண்டும்.

“ஒன்பதாவது லெவல் வந்தப்ப அந்தப் புள்ள வந்து, ‘உன்னைப் பார்த்தால் என் நெருப்பே அடங்குகிறது’னு சொல்லிச்சுங்க. ஒங்க அண்ணன் கண்ட்ரோலரைக் கீழ போட்டுட்டாக. ‘அய்யய்ய, தங்கச்சி முறைடீ’ன்னு எந்திரிச்சு ஓடிட்டாக. அன்னிக்குக் கூடாரத்துல உக்கார வச்சதுதான். பேர மாத்திரலாம்ல, கேம் தானேன்னு சொல்லிப் பாத்தேன். பேர மாத்துனா முறை மாறிருமான்னு என்னையக் கேக்குறாக!”

நான் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்படியிலிருந்து வலி எடுத்துவிட்டது என்று ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால், “அவன் சொல்றது சரிதான். முறைன்னா முறைதானே” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாவது பால் பாக்கெட்டோடு அண்ணன் திரும்பியபோது நானும் அண்ணியும் ஓர் ஒப்பந்தம் தயாராக வைத்திருந்தோம். தங்கச்சி கூடாரத்தை விட்டு வருவாள். சண்டைகளை அண்ணன் போடுவான். தீ மூட்டும் காட்சி வந்தால் அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட வேண்டும். பதிலை நாங்கள் அழுத்தி, முடிந்ததும் கூப்பிடுவோம்.

“நான் இல்லாட்டியும் என் பேர்லதானே நடக்குது?” என்றான் அண்ணன்.

“நீ பாக்காதது நடக்கலைன்னு வச்சுக்க” என்றேன். எங்கள் குடும்பத்தில் இப்படித்தான் பல விஷயங்கள் தீர்ந்திருக்கின்றன.

அன்றிலிருந்து வீடு கலகலப்பானது. தங்கச்சிக்கு நல்ல அங்கி வந்தது. பங்காளியிடமிருந்து மோதிரத்தைப் பிடுங்கி அவளுக்குப் போட்டோம். அவள் லெவல் ஏறும்போதெல்லாம் திரை இருட்டி, வீணை மாதிரி ஏதோ ஒன்று வாசிக்கத் தொடங்கும். அதைக் கேட்டதும் அண்ணன் கண்ட்ரோலரை என் மடியில் போட்டுவிட்டு வெளியே போய் பைக்கைத் துடைப்பான். அவனோடு பேசிக்கொண்டிருக்கும் அம்மாவும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். நானும் அண்ணியும் இருப்பதிலேயே வறட்டுப் பதிலாகத் தேடி அழுத்துவோம். ‘உன் மனதில் என்ன இருக்கிறது?’ என்று அவள் கேட்டால், ‘மழை வரும்போலிருக்கிறது’ என்று நாயகன் சொல்வான். அவளோ அதையும் பெரிய காதலாக எடுத்துக்கொண்டு பெருமூச்சு விடுவாள். எங்கள் தெருவில் அண்ணனின் பைக் அளவுக்குப் பளபளத்த பைக் அப்போது வேறு இல்லை.

பூதத்தோடு கடைசியாக மோதலாம் என்று முடிவு செய்த சாயங்காலம், வீணை மறுபடி ஆரம்பித்தது. அண்ணன் எழுந்து போனான். மந்திரக்காரி பேசிவிட்டுப் போனதும், அவனைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் கூடார வாசலில் நின்றிருந்த கோடரிக்காரன் ஒருவன் முன்னால் வந்தான். என்னைச் சேர்த்துக்கொள்கிறாயா, இடம் இல்லையென்றால் உன் ஆட்களில் ஒருவரை ஊருக்கு அனுப்பிவிடு என்று கேட்டான். கீழே யாரை அனுப்புவது என்று பட்டியல் வந்தது. முதலில் தங்கச்சி பெயர் இருந்தது.

“இவன் யாரு அண்ணி?”

“அவனா? மழைக்காலத்துலேருந்து நிக்கிறான்ங்க. செம ஆளு, இவனைச் சேத்திருந்தா எப்பவோ பூதத்தை முடிச்சிருக்கலாம். அந்தப் புள்ள சும்மாதானே உக்காந்திருக்கு, நல்லபடியா ஊருக்கு அனுப்பி வச்சிட்டு இவனைச் சேத்துக்கங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். ஒவ்வொருவாட்டியும் வேணாம்னு அமுத்திருவாக.” அண்ணி மிக்சர் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார். “‘ஒருவாட்டி அனுப்பி வச்சதே போதும்’னாக.”

கல்யாணத்தன்று நான் வேனில் ஏறியபோது அம்மா அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட அழுதார்கள். அண்ணன் மட்டும் வேனுக்குப் பின்னால் நின்று, சீர்ப் பாத்திரங்களைக் கட்டிய கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இனி டிவி முழுக்க அவனுக்குத்தானே என்று போகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

பட்டியலில் ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினேன். அதற்கு மேல் திரை தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தால் சத்தமில்லாமல் அழத் தெரியாது.

“முடிஞ்சிருச்சா? உள்ள வரலாமா?” என்று வாசலிலிருந்து அண்ணன் கேட்டான்.

அண்ணி என்னைப் பார்த்தார். எழுந்து டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

“இல்லங்க, இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு” என்று கதவைப் பார்த்துச் சொன்னார். “கொஞ்ச நேரம் அங்கிட்டே நில்லுங்க.”

“என்ன இந்தவாட்டி இவ்வளவு நேரம்?” என்று முனகியபடி, அண்ணன் பைக்கை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தான்.