பெஜவாடா ஆட்டுத்தோலும் ஒரு கூஜா தண்ணீரும்

இந்த தேசம் என் கைக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எவனுக்கும் தெரியாது என்று ஒரு காலத்தில் நான் மனதார நம்பிக்கொண்டிருந்தேன். காலுக்குத் தெரிந்தது ஆம்பூரும் வேலூரும், எப்போதாவது மதராஸும்தான். ஆனால் கைக்கு அப்படியில்லை. தோல் மண்டியில் உட்கார்ந்து, ரயிலில் வந்து இறங்கும் பேல் கட்டுகளைப் பிரித்து, ஆட்டுத்தோல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத் தரம் பிரித்துப் போடுவது என் வேலை. பேலின் மேல் எந்த ஊர் என்று மையால் எழுதியிருக்கும். நான் அதைப் பார்க்கவே மாட்டேன். தோலைத் தொட்டுவிட்டு ஊரைச் சொல்வேன்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஒடுகத்தூர் மலையடிவாரத்தில் மேய்ந்த ஆடென்றால் தொடையிலும் விலாவிலும் முள் கீறல் இருக்கும். கலவை, நெமிலிப் பக்கத்து ஏரிக்கரை ஆடு புஷ்டியாக இருக்கும். வயிற்றுப் பக்கம் மெத்தென்று விரலுக்கு இடம் கொடுக்கும். மழை பொய்த்த சீமையின் தோல் காகிதம் மாதிரி சலசலக்கும். உண்ணி கடித்த புள்ளி எங்கே இருக்கிறது, உரித்தவன் கத்தியை எந்தப் பக்கமிருந்து இழுத்தான், உப்பு எப்படிப் பட்டது, எல்லாம் சேர்ந்துதான் ஊர். மண்டிக்காரர்கள் என்னைச் சோதிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருந்தார்கள். ஒருமுறை மேஸ்திரி தன் வீட்டு பக்ரீத் ஆட்டின் தோலைக் கொண்டுவந்து சேலத்துத் தோல்களுக்கு நடுவில் செருகிவிட்டார். நான் தடவிப் பார்த்து, "இது முள்ளையே பார்க்காத ஆடு, வீட்டுக் கஞ்சி குடிச்சு வளந்தது" என்றேன். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்கு ஒரே மகள். அவளுக்கு ஓதவும் தமிழ் வாசிக்கவும் கற்றுக்கொடுக்க ஒரு உஸ்தாத்பீ வீட்டுக்கு வந்துபோவார். அவர் எங்கிருந்தோ ஒரு பூகோளப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அது முதல் வீட்டில் எனக்கு நிம்மதி போயிற்று. சோற்றில் கை வைத்தால் போதும், கதவு மறைவிலிருந்து கேள்வி வரும்.

"நர்மதை எந்தப் பக்கம் ஓடுது, அத்தா?"

"நர்மதையிலருந்து நமக்குத் தோல் வர்றதில்லை. தெரியாது."

"மேற்கே ஓடுதாம். முக்கால்வாசி ஆறு கிழக்கே ஓடும்போது அது மேற்கே ஓடுதாம்."

"திமிர் புடிச்ச ஆறு போல இருக்குது" என்பேன். சிரிப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே தேசம். அவளுக்குக் காகிதத்தில், எனக்குத் தோலில். உண்மையைச் சொன்னால் என் நாளில் நல்ல நேரம் அந்தச் சோற்று நேரம்தான்.

அப்படி இருக்கும்போதுதான் பெஜவாடாவிலிருந்து பெண் கேட்டார்கள். பையனின் தகப்பனார் ஆம்பூர்க்காரர்தான். தோல் வாங்கி அனுப்பும் வேலையாக வாலிபத்திலேயே அங்கே போய், அங்கேயே வீடு வாசல் என்று ஆகிவிட்டவர். பையன் ஒரு கல்யாணத்துக்காக எங்கள் ஊருக்கு வந்திருந்தபோது எங்கள் வீட்டுப் பெண்கள் தட்டி மறைவிலிருந்து அவனைப் பார்த்திருக்கிறார்கள். மகளும் பார்த்திருக்கிறாள். "அவளுக்கு இஷ்டம்தாங்க" என்றாள் என் மனைவி. "மாசக் கடைசிக்குள்ள பதில் வேணுமாம். இல்லைன்னா வாணியம்பாடியில ஒரு பொண்ணு இருக்குது, அதைப் பேசி முடிச்சுடுவாங்களாம்."

"வேணாம்" என்றேன்.

"ஏன்?"

"பெஜவாடாத் தோலை நான் இத்தனை வருஷமாப் பார்க்கிறேன். ஒரு சொட்டுக் கொழுப்பு இருக்காது. எலும்போட ஒட்டி உரிச்ச மாதிரி இருக்கும். உடம்பெல்லாம் முள் கீறல். பச்சையே இல்லாத ஊருடி அது. ஆட்டுக்கே தண்ணி கம்மின்னா மனுஷனுக்கு எங்கருந்து வரும்? என் பொண்ணு நாலு மைலுக்குக் கொடம் தூக்கணுமா?"

கதவு மறைவிலிருந்து குரல் வந்தது. "பெஜவாடா கிருஷ்ணா நதிக் கரையில இருக்குது, அத்தா. அணை கூட கட்டியிருக்காங்க. புத்தகத்துல போட்டிருக்குது. படத்துல நீலக் கோடு இருக்குது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாலாத்துக்கும்தான் நீலக் கோடு போட்டிருக்கான்! போய்ப் பாரேன், மணல்தானே இருக்குது? ஊத்துத் தோண்டித்தானே குடிக்கிறோம்? படம் போட்ட வெள்ளைக்காரன் அவன் சீமையில உக்காந்து போட்டான். நான் தோலைத் தொட்டுப் பார்த்துச் சொல்றேன்."

அவள் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் மூடியிருப்பார்கள். ஆறு என்றால் எங்களுக்கு மணல். அதில் எப்போதாவது வருவது வெள்ளம். ஆற்றில் எந்நாளும் தண்ணீர் இருக்கும் என்பதைப் புத்தகத்தில் படிக்கலாம், நம்புவதற்கு வேறு ஊரில் பிறந்திருக்க வேண்டும்.

அவள் அழவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. சோற்று நேரத்தில் கேள்வி கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் நானாகவே, "கோதாவரி எங்க இருக்குது?" என்று கேட்டுப் பார்த்தேன். "எனக்குத் தெரியாது, அத்தா" என்றாள். அவளுக்குத் தெரியும்.

என் மனைவி பொறுமை இழந்தாள். "ஏங்க, தோலைப் பார்த்து ஊரைச் சொல்றீங்க, சரி. ஒருவாட்டி ஊரையே பார்த்துட்டு வந்து சொல்லுங்களேன். ரயில்தான் ஓடுதே" என்றாள். எனக்கும் அந்தப் பேஜார் தாங்க முடியவில்லை. மண்டியில் லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

புறப்படும்போது மகள் வந்து ஒரு பித்தளைக் கூஜாவை நீட்டினாள். பிரயாணத்துக்குத் தண்ணீர் என்று நினைத்து வாங்கினால் கனமே இல்லை.

"இன்னாடி, காலியா இருக்குது?"

"அங்க தண்ணி இருந்தா இதுல புடிச்சுக்கினு வாங்க, அத்தா. இல்லைன்னா காலியாவே கொண்டாங்க. அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

அந்தக் கூஜாவைக் கடைசி வரை நான் வேறு எதற்கும் திறக்கவில்லை. வழியில் தாகமெடுத்தால் ஸ்டேஷனில் முசல்மான் தண்ணீர்க்காரர் ஊற்றியதைக் கையேந்திக் குடித்தேன்.

மதராஸில் வண்டி மாறினேன். வடக்கே போகும் வண்டியில் அதற்கு முன் ஏறியதே இல்லை. என் வாழ்நாளெல்லாம் என் முன்னால் வந்து விழுந்த ஊர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பலகையில் வந்துகொண்டிருந்தன. கூடூர் என்றதும், அடடா, கழுத்துப் பக்கம் கத்திக் காயம் போடுவானே, அந்த ஊரா என்று எட்டிப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் ஒருவர் சாந்தமாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நெல்லூர் தாண்டியதும் ஒரு பெரிய பாலம் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த தெலுங்குக்காரர் பெண்ணாறு என்றார். ஆவணி மாதம். பாலத்துக்குக் கீழே அகல அகலமாக மணல், நடுவில் துணி அலசும் அளவுக்கு ஒரு வாய்க்கால். எனக்கு ஒரே சந்தோஷம். பெண்ணாற்றுக்கும் படத்தில் நீலக் கோடு இருக்கும், வீட்டுக்குப் போய்க் காட்டச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கால் நீட்டி நன்றாகத் தூங்கினேன்.

விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, சத்தம் மாறியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். தண்ணீர். இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் ஜன்னலுக்கு ஓடினேன், அங்கேயும் தண்ணீர். செம்மண் கரைத்த மாதிரி, கரைக்குக் கரை, சுழித்துக்கொண்டு போகிறது. பாலம் முடியவே மாட்டேன் என்கிறது. தூரத்தில் ஒரு குன்று, அதன் அருகே அணையின் மேல் தண்ணீர் வெள்ளைக் கோடாக விழுவது தெரிந்தது. என்னை அறியாமல் "யா அல்லாஹ்" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். தெலுங்குக்காரர் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தார். ஒரு ஆறு இப்படியும் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னவளை நான்தான் நம்பவில்லை.

ஸ்டேஷனுக்குப் பையனே வந்திருந்தான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கால்வாய், படகு, நெல் வயல், வாழை. எருமைகள் கழுத்து வரை தண்ணீரில் கிடந்தன. எனக்கு அவமானம் ஒருபக்கம், ஆச்சரியம் ஒருபக்கம். அப்படியானால் அந்தத் தோல்? என் கை பொய் சொல்லுமா? சாப்பிட்டதும், "உங்க தோல் கிடங்கைப் பார்க்கணும்" என்றேன்.

கிடங்கு வாசலில் மாட்டுவண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. வண்டியில் அதே தோல்கள். அதே முள் கீறல், அதே சலசலப்பு. ஒன்றை எடுத்துத் தடவியபடி பையனைக் கேட்டேன். "இது உங்க ஊர் ஆடு இல்லையே, தம்பி?"

"இல்லை, மாமா. இதெல்லாம் மேற்கே நைஜாம் சீமையிலருந்து வருது. அங்க மழை கம்மி. இங்கதான் ரயில் கூடுற இடம், அதனால இங்க கொண்டாந்து பேல் கட்டி ஏத்துறோம்."

"பேல் மேல பெஜவாடான்னு எழுதுறீங்களே!"

"ஏத்துற ஸ்டேஷன் பேரைத்தானே எழுதணும்?"

இருபத்தைந்து வருஷத்து வித்தை கிடங்கு வாசலில் நின்று பல்லிளித்தது. இருந்தாலும் விட மனமில்லை. "ஒவ்வொரு தோலும் எந்த ஊருதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவன் மரியாதையாகத்தான் சொன்னான். "வண்டிக்காரனைக் கேட்டா சொல்லிடுவானே, மாமா."

அவன் தகப்பனார் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் அந்தப் பையனை எனக்குப் பிடித்துப்போயிற்று. அதுவும் ஒரு சங்கடம்.

சாயங்காலம் பையனின் தாயார் திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். அவருக்கும் ஒரு கவலை இருந்தது. "அண்ணே, வீட்டுக்குப் பின்னாலயே கால்வாய். படி இறங்கினா தண்ணி. உங்க பொண்ணு மணலையே பார்த்து வளர்ந்தவ. இவ்ளோ தண்ணியைப் பார்த்து பயந்துட மாட்டாளே?" என் மகளுக்கு அங்கே ஒரு குறை வருமென்றால், அது தண்ணீர் ஜாஸ்தி என்பதுதான். இதற்கு நான் என்ன சொல்ல? "ஊருக்குப் போய்ப் பேசிட்டு எழுதறேன்" என்று மட்டும் சொன்னேன். உடனே சரி என்று சொல்லியிருக்கலாம்.

மறுநாள் நானே ஆற்றங்கரைக்குப் போய்ப் படியில் இறங்கிக் கூஜாவை முக்கினேன். குபுகுபுவென்று நிரம்பியது.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் கூஜாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். காட்பாடி வந்தது, குடியாத்தம் வந்தது. ஜன்னலில் பாலாறு தெரிந்தது. பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் மொண்டுகொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆம்பூர். அப்போதுதான் எனக்கே விளங்கிற்று. எனக்கு முள் கீறலும் பொருட்டில்லை, தண்ணீர்ப் பஞ்சமும் பொருட்டில்லை. ஒரு ராத்திரி முழுக்க ரயில் ஓட வேண்டிய தூரத்துக்கு அவளை அனுப்ப எனக்கு மனமில்லை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ஆட்டின் மேல் பழி போட்டிருக்கிறேன். மூடியைத் திருகி எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு சாய்ப்பு, அவ்வளவுதான் வேலை. காலிக் கூஜாவைக் கொடுத்தால் அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவளே சொல்லியிருக்கிறாள். வாணியம்பாடிப் பெண்ணுக்கு நல்ல இடம் கிடைக்கும். சோற்று நேரத்துக் கேள்விகள் எனக்குத் திரும்பக் கிடைக்கும்.

ஆம்பூருக்கு முந்தின பச்சகுப்பம் ஸ்டேஷன் தாண்டும் வரை மூடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு இறுக்கித் திருகினேன்.

வீட்டில் கால் வைத்ததும் அவள் கூஜாவைத்தான் பார்த்தாள். நான் நீட்டினேன். வாங்கியபோது கை கனத்தில் தாழ்ந்தது. முகம் மலர்ந்ததை மறைக்கக் குனிந்துகொண்டு, ஒரு கண்ணாடிக் கிளாஸில் மெல்லச் சாய்த்தாள். தண்ணீர் தெளிந்திருந்தது. கடைசியில் மட்டும் கொஞ்சம் வண்டல் வந்தது.

"இது இன்னா மண்ணு, அத்தா?"

"அது நைஜாம் சீமை மண்ணு. நம்ம ஆடு மேஞ்ச எடம். ஆத்தோட வந்திருக்குது" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பாலம், கால்வாய், எருமை, வண்டிக்காரனைக் கேட்டால் சொல்வான் என்ற பையன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த தைரியத்தில், விளையாட்டுப் போல, மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். "குடியாத்தம் தாண்டி இதை ஜன்னல்ல கவுத்துடலாம்னு பார்த்தேன், தெரியுமா?"

அவள் சிரிப்பதை நிறுத்தினாள். கிளாஸைக் கீழே வைத்தாள்.

"கவுத்திருந்தா நான் நம்பியிருப்பேன், அத்தா" என்றாள். "படத்துலதான் தப்புன்னு நினைச்சிருப்பேன்."

நான் எழுந்துபோய் ஒரு தபால் அட்டை எடுத்தேன். சம்மதம் என்று எழுதி, பெஜவாடா என்று விலாசம் போட்டு, மை காய்வதற்குள் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். திரும்பி வந்து சோற்றில் கை வைத்ததும், கோதாவரி எங்கே பிறக்கிறது தெரியுமா என்று கதவு மறைவிலிருந்து கேட்டாள்.