வெயில் படாத கூரை

மிளகாய் வத்தல் லோடு இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் செல்வராணியின் தம்பி போன் செய்தார். “அக்காவுக்கு நேத்து நெஞ்சுவலி வந்துச்சு அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு” என்றார். நாற்பத்து மூன்று வயது. என்னைவிட இருபது வயது சின்னவருக்கு நான் அஞ்சலி எழுதுகிறேன். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது.

ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போன தாய் தகப்பனுக்குப் பிறந்து என்ஜினியரிங் படித்தவர். ஒரு கட்டிடத்தைக் கம்ப்யூட்டருக்குள் எழுப்பி, எந்த மாதம், எந்த மணிக்கு உள்ளே எவ்வளவு சூடு இருக்கும் என்று முன்கூட்டியே சொல்வது அவர் தொழில். இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இது தெரியும். வத்தல் வியாபாரியான எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது.

விருதுநகரில் சரக்கு அடுக்கும் என் பழைய கிட்டங்கியில் பாதியைத் தடுத்து, காம்பு கிள்ளும் பெண்களுக்கு ஹாலாக்க நினைத்தேன். ஓட்டுக் கூரையைப் பிரித்துத் தகர ஷீட் போடுவதாகத் திட்டம். அங்கே ஃபேன் போட முடியாது; வத்தல் நெடி பறந்தால் தெருவே தும்மும். ஃபேன் இல்லாமல் மே மாதத்தில் முப்பது பேர் உட்கார வேண்டும். அதற்குத்தான் செல்வராணியைக் கூப்பிட்டேன்.

பீரோவில் இருந்த பிளானை எடுத்துக் கொடுத்தேன். “இதுல இருக்குற மாதிரிதான் கட்டியிருக்கீகளா?” என்றார்.

“ஆபீஸ்ல சீல் வச்சுக் கொடுத்த பிளான் தாயி.”

“சீல் இருக்கு அண்ணாச்சி. இந்தச் சுவரு எங்கன இருக்கு?”

அந்தச் சுவரை நாங்கள் கட்டவே இல்லை. அவர் பிளானை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு டேப்பை எடுத்தார். ஒரு நாள் முழுக்க ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாசல் கிழக்குப் பார்த்தது என்று சொல்லியிருந்தேன். திசைகாட்டியை வைத்துப் பார்த்தால் அது நன்றாகத் தெற்கே சாய்ந்து கிடந்தது. “கிழக்குன்னு பூசை போட்டுத் திறந்த வாசலும்மா” என்று மல்லுக்கு நின்றேன். “சாமிக்குக் கிழக்காவே இருக்கட்டும். வெயிலுக்கு மட்டும் நான் வேற போட்டுக்கிறேன்” என்றார்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. இரண்டு ஜன்னலைப் பெரிதாக்கினால் போதும், வெறும் ஷீட்டே தாங்கும் என்றார். செலவு மிச்சம் என்று எனக்கு அது இனித்தது. கிள்ளிக்கொண்டிருந்த முத்துலட்சுமி அதைக் கேட்டுச் சிரித்தாள். “ஏ தாயி, தகரத்துக்கு அடியில குளுகுளுன்னு இருக்குமா? அப்ப ஊட்டிக்காரகளை இங்கன வரச் சொல்லு!”

எல்லோரும் சிரித்தார்கள். செல்வராணி மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் கடை திறக்கும்போதே வந்து நின்றார். நேராகப் பெண்களிடம் போய், “தப்பு எம்மேலதான்” என்று ஆரம்பித்தார். “ஒவ்வொரு சுவருக்கும் கூரைக்கும் எது வெளிப்பக்கம், எது உள்பக்கம்னு கம்ப்யூட்டருக்கு நாமதான் சொல்லணும். கூரையை நான் குப்புறப் போட்டுட்டேன். வெளிப்பக்கம் தரையைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு. வருஷம் பூரா அதுமேல வெயிலே படலை.”

“விருதுநகர்லயா?” என்றாள் முத்துலட்சுமி.

இந்த முறை செல்வராணியும் சிரித்துவிட்டார். திருத்திய கணக்கில் அந்த ஹால் மதியம் அடுப்பாகக் கொதித்தது. கூரைக்கு அடியில் சூடு தடுக்கும் பலகை, மேலே காற்றுப் போக வழி எல்லாம் வேண்டும் என்றார். தனியாக இழுத்து, “எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே தாயி, உம்பேருக்கு நல்லதா?” என்று கேட்டேன்.

“அங்கன உக்காரப் போறது அவுக. உங்ககிட்ட மட்டும் சொன்னா, நீங்க ஷீட்டையே போட்டுருவீக.”

உண்மைதான். போட்டிருப்பேன்.

போன மே மாதம், அவர் சொன்னபடி கட்டிய அந்த ஹாலில் ஒருவரும் மயங்கி விழவில்லை. செல்வராணி இறந்த செய்தியைச் சொன்னதும் பெண்கள் கிள்ளுவதை நிறுத்தினார்கள். முத்துலட்சுமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, “நாம சொன்னதை ஒரு பேச்சா மதிச்சுப் போயிப் பாத்தாளே” என்று அழுதாள்.

இப்போது இன்னொரு கட்டிடம் எழுப்பப் போகிறேன். வேறொரு என்ஜினியர் கணக்குக் கொண்டுவந்தார். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே அவரை அழைத்துப்போய், அங்கே உட்காரப் போகிறவர்கள் முன்னால் உரக்கப் படிக்கச் சொன்னேன். செல்வராணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான்: அவர்கள் சிரித்தால், வேலையை நிறுத்திவிடுவேன்.