முட்டு என்னுடையது, பேர் சகலைக்கு

1. ஒரே சொல்

கான்கிரீட் தளத்துக்குப் பலகையும் முட்டும் கட்டுகிற சென்டரிங் வேலைக்கு இப்போது வருகிறவர்களிடம் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. சப்போர்ட். தளம் இறங்கினாலும் சப்போர்ட், பீம் பலகை பிதுங்கினாலும் சப்போர்ட். கேட்கும்போதே எனக்கு எரிச்சல் வரும்.

நேராக நின்று மேலிருக்கும் பாரத்தைத் தாங்குவது முட்டு. சவுக்குக் கம்பானாலும் இரும்பு ஜாக்கியானாலும் அது முட்டுதான். பலகை பக்கவாட்டில் சாயாமல் சரிவாகக் கொடுப்பது உதைகால். முட்டின் காலடியில் இடைவெளி இருந்தால் பலகைத் துண்டு சொருகுவோம், அது அண்டை. அதையும் இறுக்க அடிப்பது ஆப்பு. நாலு சாமான், நாலு வேலை. ஒன்று செய்வதை இன்னொன்று செய்யாது.

இதே சொற்களை மனிதர்களிடம் கொண்டுபோனால் கெட்டுப்போகின்றன. ஒருவனுக்கு முட்டுக் கொடுக்கிறான் என்றால் அவன் தப்பை மறைக்கிறான் என்று அர்த்தம். ஆப்பு வைத்துவிட்டான் என்றால் கதையே முடிந்தது. மனிதர்களுக்கென்று வேறு சொற்கள் இருக்கின்றன: ஒத்தாசை, பக்கபலம், தெம்பு. அந்தச் சாமான்கள் என்னிடம் கிடையாது. என் சகலையிடம் நிறைய இருந்தன.

2. சகலை

ஞானராஜும் நானும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். மூத்தவள் புஷ்பம் எனக்கு, இளையவள் அவனுக்கு. இரண்டு பேருக்கும் தொழிலும் சென்டரிங்தான். கர்த்தர் இப்படியா கொண்டுபோய்ச் சேர்ப்பார்? என் தளம் ஒழுகியதில்லை, என் பீம் கோணியதில்லை. ஆனாலும் சனம் தேடிப்போவது அவனைத்தான்.

விஸ்வநத்தத்தில் ஒரு டீச்சர் வீடு கட்டினார். முதலில் என்னிடம்தான் வந்தார். வாசலுக்கு மேல் தூணே இல்லாத போர்டிகோ வேண்டும் என்றார்.

"விழுந்துறாதுல்ல?"

"கம்பிய ஒழுங்காக் கட்டி, முட்ட ஒழுங்காக் கொடுத்து, பிரிக்கையிலயும் ஒழுங்காப் பிரிச்சா விழாது டீச்சர்" என்றேன்.

உண்மையைத்தானே சொன்னேன்? டீச்சருக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் ஞானராஜிடம் போய் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவன் சொன்னது இவ்வளவுதான்: "நான் இருக்கேம்ல டீச்சர், நீங்க ஏன் பயப்படுறீக?"

வேலை அவனுக்குப் போய்விட்டது.

வீட்டில் வந்து கத்தினேன். "நான் இருக்கேன்னா? இவன் என்ன போர்டிகோவத் தலையில தாங்கிக்கிட்டு நிக்கப்போறானா?"

புஷ்பம் கீரை ஆய்ந்தபடியே சொன்னாள்: "அவரு பேசுனா ஒரு தெம்பு வருதுங்க. நீங்க பேசுனா வயித்தக் கலக்குது."

கட்டினவள் வாயாலேயே கேட்டாயிற்று. எனக்கு வயிறு எரிந்தது, சும்மா சொல்லவில்லை, சோறு இறங்கவில்லை.

இதற்குமேல் ஒன்று நடந்தது. அந்த போர்டிகோவுக்கு அவனிடம் போதுமான ஜாக்கி இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தான். மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே, புஷ்பத்தை வைத்துக்கொண்டே கேட்டான். "ஒரு ஒத்தாசை செய்யணும் சகல. நீங்கதான எனக்குப் பக்கபலம்." அவள் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? கொடுத்தேன். முட்டு என்னுடையது, பேர் அவனுக்கு.

3. ஜாக்கி எடுக்கப் போன நாள்

அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு குடோன் தளம் போடும் வேலை எனக்கு வந்தது. ஜாக்கி வேண்டும். போர்டிகோவும் இறுகிப் பிரிக்கிற பதத்துக்கு வந்துவிட்டது என்றான் ஞானராஜ். நான் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு விஸ்வநத்தம் போனேன்.

போய் இறங்கியதும் குருசாமி சிரித்துக்கொண்டே வந்தான். சகலை செட்டில் அவன்தான் மூத்த ஆள். "அண்ணாச்சி வண்டியக் காக்க வைக்கக் கூடாதுன்னு உங்க ஜாக்கிய முதல்ல எடுத்துக்கிட்டிருக்கோம்" என்றான். மரியாதைதான். ஆனால் என் ஜாக்கிகள் நின்றது சுவரோரத்திலிருந்து நடுப்பகுதி வரைக்கும். வெளி நுனியில் மட்டும் அவர்களுடைய சவுக்குக் கம்பு.

தூணில்லாத தளம் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்க வேண்டியது. அதற்குக் கம்பி மேல்பக்கம்தான் ஓடும், நடுவில் தொய்ந்தால் பிடிக்க அடிப்பக்கம் கம்பி இருக்காது. அதனால் முட்டுப் பிரிக்கும்போது நுனியில் தொடங்கிச் சுவரைப் பார்த்து வர வேண்டும். இவர்கள் யார் சாமான் என்று பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். நுனி சவுக்குக் கம்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது, நடுவில் தாங்க ஆளில்லை. அண்ணாந்து பார்த்தேன். தளத்தின் அடியில், நட்டநடுவில், பென்சில் கோடு மாதிரி ஒரு விரிசல்.

மறைக்க என்ன இருக்கிறது? உள்ளுக்குள் ஒன்று துள்ளிக் குதித்தது. இப்பச் சொல்லுலே, நான் இருக்கேன்னு. டீச்சர் வந்து பார்க்கட்டும், புஷ்பமும் வந்து பார்க்கட்டும். அதற்குள் குருசாமி அடுத்த ஜாக்கியை எடுக்கத் தளத்துக்கு அடியில் போய்விட்டான். அவன் தலைக்கு நேர் மேலேதான் அந்தக் கோடு.

"ஏலே, கைய எடு! வெளிய வா!"

நான் போட்ட சத்தத்தில் ஞானராஜ் டீ டம்ளரோடு உள்ளேயிருந்து ஓடி வந்தான். பின்னாலேயே டீச்சர். அண்ணாந்து பார்த்தவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சகல, இப்ப என்ன செய்ய?" என்றான். தொழிலில் அவன் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. பாவி மனசு, அந்த நேரத்திலும் அது எனக்கு இனித்தது.

கழற்றி வைத்திருந்த ஜாக்கிகளைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். நடுவில் பழையபடி நிறுத்தினோம். "கையால முறுக்கு, தளத்தத் தொட்டாப் போதும். தூக்கிறாத, தூக்குனா மேல வெடிச்சிரும்." பிறகு நுனியில் இருந்த சவுக்குக் கம்புகளை ஆப்புத் தட்டி உருவினோம். ஒவ்வொரு வரிசையாகச் சுவரை நோக்கி வந்தோம். கடைசி வரிசை மட்டும் மிச்சம். அதையும் இளக்கினால் தளம் தன் பலத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடியில் இருக்கிறவன் போய்ச் சேர வேண்டியதுதான்.

யாரும் உள்ளே போகவில்லை. ஜாக்கி என்னுடையது, நான் போனேன். திருகில் கை வைத்தால் கை நடுங்குகிறது. வெளியே அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், விரல் மடங்க மாட்டேன் என்கிறது.

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். ஞானராஜ்.

"இளக்குங்க சகல. நான் இருக்கேன்."

இருந்து என்ன செய்யப்போகிறான்? தளம் வந்தால் இரண்டு பேர் தலையிலும்தான் வரும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் கை நடுக்கம் நின்றுவிட்டது. இளக்கினேன். தளம் நின்றது. நடுவில் இருந்த கோடும் மூடிக்கொண்டது. என்ஜினியர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகாது என்றார்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஞானராஜைக் கும்பிட்டார். அவன், "எல்லாம் எங்க சகலதான் டீச்சர், நான் ஒண்ணுமே செய்யல" என்றான். டீச்சர் உடனே, "எம்புட்டுப் பெரிய மனசு உங்களுக்கு!" என்றார், அவனைப் பார்த்து.

4. படித்த பாடம்

தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான். அந்தரத்துத் தளத்தை நுனியிலிருந்து பிரியுங்கள். யார் சாமான் யாருக்கு என்பதையெல்லாம் தரையில் இறக்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் படித்தேன், அது எனக்குப் பிடிக்காத பாடம். அச்சங்குளம் குடோனுக்குக் கம்பி கட்டும்போது முதலாளி வந்து, "தாங்குமா?" என்று கேட்டார். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் இருக்கேம்ல அண்ணாச்சி" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது சரி. முட்டு எம்புட்டு நெருக்கத்துல கொடுப்பீக?"

கேட்டதைச் சொன்னேன். சந்தோஷமாகப் போனார். மேலே ஏறிக் கம்பியைக் கட்டினேன். விஸ்வநத்தத்தில் பக்கத்தில் வந்து நின்றவனின் நினைப்புத்தான். அத்தனை பேர் வெளியே நிற்க, அவன் ஒருவன்தான் உள்ளே வந்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.