தம்பிக்கு வந்த அழைப்பு

தம்பியின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வெள்ளவத்தைக்கு வந்து, சாப்பிட்டுக் கைகழுவி விடைபெறும்போது உங்கள் கையில் இந்த நினைவு மலர் தரப்படும். வழமையாக இப்படியான மலரில் பிள்ளைகள் தகப்பனுக்கு எழுதுவார்கள். இங்கே மூத்தவன் நான் இளையவருக்கு எழுதுகிறேன். அவர் உயிரோடு இருந்தவரையில் அவரை "அவன்" என்றே சொல்லிவந்தேன். பேராசிரியரான பிறகும் அப்படித்தான். இந்தப் பக்கங்களிலாவது மாற்றிக்கொள்கிறேன்.

தம்பி பிறந்தது வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கு அண்மையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில். அப்பா அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். மேலதிகாரியோடு முரண்பட்டதற்காக அவரை ஒருமுறை தூர இடத்துக்கு மாற்றினார்கள். அங்கிருந்து காய்ச்சலோடு திரும்பியவருக்குப் பழைய உடம்பு பிறகு வரவே இல்லை. இடமாற்றம் என்ற பேச்சைக் கேட்டாலே அம்மாவின் முகம் மாறிவிடும். இதை ஒரு காரணத்தோடுதான் இங்கே எழுதுகிறேன்.

நான் படிக்கிற பிள்ளை. தம்பி கடலில் கிடக்கிற பிள்ளை. ரயில் பாதையைக் கடந்து, பாறைகளுக்கிடையில் நீந்திவிட்டு, தலையில் உப்புக் காய்ந்தபடி வந்து அடிவாங்குவார். "அண்ணாவைப் பார்" என்று சொல்லிச் சொல்லித்தான் அப்பா அடிப்பார். நான் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை இந்த வயதில் ஒளிக்கத் தேவையில்லை.

நான் பல்கலைக்கழகம் போய்க் கணித விரிவுரையாளன் ஆனேன். தம்பிக்கு உயர்தரப் பரீட்சையில் போதிய புள்ளிகள் வரவில்லை. நாட்டு நிலைமை கெடத் தொடங்கியபோது ஜேர்மனிக்குப் போனார். உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே அந்த மொழியைப் படித்தார். பிறகு, விளையாட்டு விஞ்ஞானம் படிக்கப்போவதாக அறிவித்தார். அதற்கு இடம் கிடைக்க முதலில் ஓடியும் பாய்ந்தும் நீந்தியும் காட்டவேண்டும் என்றார். கிருலப்பனையிலிருந்த எங்கள் மாமா அதைக் கேட்டுவிட்டு, "படிச்சுப் பட்டம் வாங்கினவனைக் கண்டிருக்கிறன். நீந்திப் பட்டம் வாங்கப்போறவனை இப்பதான் கேள்விப்படுறன்" என்றார். மாமாவைவிட உரக்கச் சிரித்தவன் நான். அன்றிலிருந்து யார் விசாரித்தாலும், தம்பி அங்கே பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி பழக்குகிற பீ.ரீ. மாஸ்டருக்குப் படிக்கிறான் என்று சொல்லத் தொடங்கினேன். இந்த மலரை வாங்குகிறவர்களில் பலர் இன்றுவரை அப்படித்தான் நம்பியிருக்கிறீர்கள்.

உண்மையில் தம்பி ஆராய்ந்தது மனிதர் நடக்கும் விதத்தை. வயதானவர்கள் ஏன் விழுகிறார்கள், விழாமலிருக்க உடம்பை எப்படிப் பழக்கலாம் என்பதற்கே தம் வாழ்நாளைக் கொடுத்தார். அதில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அந்த நேரத்தில் என்னுடைய கலாநிதி ஆய்வு பாதியில் நின்றிருந்தது. அது பிறகும் முடியவில்லை. அவருடைய பட்டச் செய்தி வந்த அன்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டு, பாமன்கடை வரைக்கும் தனியே நடந்தேன். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்து நடந்தேன். வரவில்லை.

விடுமுறையில் அவர் வந்தால், "டொக்டர் வந்திருக்கிறாராம்" என்று அயலிலுள்ளவர்கள் முழங்கால் நோவோடு படியேறி வருவார்கள். இவன் மருந்து எழுதுகிற டொக்டர் இல்லை என்று வாசலில் வைத்தே திருப்பி அனுப்புவது என் வேலையாக இருந்தது. தம்பி பின்னால் ஓடிப்போய்க் கூட்டிவருவார். வீட்டு ஹோலில் நடக்கச் சொல்லிவிட்டு, நிலத்தில் குந்தியிருந்து அவர்களின் பாதங்களைப் பார்ப்பார்.

ஜேர்மனியில் கலாநிதிப் பட்டம் மட்டும் போதாது. பேராசிரியராவதற்கு இன்னொரு பெரிய ஆய்வை எழுதிக்கொடுக்க வேண்டும். அதன் பிறகும் ஒருவர் வேலைசெய்கிற பல்கலைக்கழகமே அவருக்கு அந்தப் பதவிக் கதிரையைக் கொடுப்பது அரிது. வேறோர் ஊரிலிருந்து அழைப்பு வரவேண்டும். தம்பி ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுத்து, ஜேர்மனியின் வடக்கே ஒரு பல்கலைக்கழகம் தன்னை அழைத்திருப்பதாகச் சொன்னார். "அண்ணா, முதல் உங்களுக்குத்தான் சொல்லுறன்" என்றார்.

அம்மாவுக்கு அப்போது காது மந்தம். பக்கத்தில் வந்து நின்று, என்னவாம் என்று கேட்டார். நான் ரிசீவரை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"தம்பியை வேறை ஊருக்கு மாத்திப்போட்டாங்களாம்."

"ஐயோ, என்ன பிழை விட்டவன்?"

"எனக்கென்னம்மா தெரியும்? இருந்த இடத்திலை வேண்டாமெண்டிட்டாங்கள் போலை."

அவ்வளவுதான் நான் சொன்னது. அழைப்பு என்றால் என்ன என்பது எனக்கு நன்றாகவே தெரியும். வருகிற வருடம் ஓய்வுபெறவிருந்த எனக்குப் பேராசிரியர் பதவி இனி இல்லை என்பதும் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமையே அம்மா விரதம் தொடங்கினார். பாமன்கடையிலிருந்து ஓர் அக்கா வந்து அம்மாவைக் கைபிடித்துப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போவார். மகனைப் பழைய இடத்துக்குத் திருப்பி எடுக்கவேண்டும் என்று இருவரும் நேர்த்தி வைத்தார்கள். அடுத்த முறை தம்பி தொலைபேசியில் வந்தபோது அம்மா ரிசீவரை வாங்கி, "மனம் தளராதை மோனை. நேர்ந்திருக்கிறன். திருப்பி எடுப்பாங்கள்" என்றார். மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, அம்மா தலையாட்டிவிட்டு என்னிடம் தந்தார்.

"அண்ணா," என்றார் தம்பி. "அம்மா பயந்துபோயிருக்கிறா. நான் சொன்னா அவவுக்கு வடிவாக் கேளாது. நீங்களே ஆறுதலா விளங்கப்படுத்துங்கோ."

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மாவின் முன்னால் நான் பொய்யனாக நிற்கக்கூடாது என்று, திருத்தும் வேலையை என்னிடமே விட்டார். நான் ஓம் என்றேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று பல நாள் நினைத்தேன். அம்மா விரதத்தைக் கைவிடாமலே கண்மூடினார்.

செத்த வீட்டுக்குத் தம்பி வந்தார். பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதியவன் நான். என் பெயரோடு சிரேஷ்ட விரிவுரையாளர் என்று போட்டேன், அவர் பெயரோடு ஜேர்மனி என்று மட்டும் போட்டேன். அவர் அதை வாசித்து மடித்து வைத்தார். சனம் நிறைந்திருந்த நேரத்தில் பாமன்கடை அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, உங்களை இன்னும் பழைய இடத்துக்கு எடுக்கேல்லையோ? அம்மா அந்தக் கவலையோடைதான் போனவ."

தம்பி என்னை ஒருமுறை பார்த்தார்.

"இல்லையக்கா. இப்ப இருக்கிற இடமும் நல்ல இடம்தான்."

பிறகு எத்தனையோ முறை வந்து போனார். ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அவர் கேட்டிருந்தால் சண்டைபிடித்தாவது தீர்த்திருப்பேன். கேளாமல் விட்டதற்காகவும் அவரில் எனக்குப் பொறாமை இருந்தது. என்னால் அப்படி இருந்திருக்க முடியாது.

கடைசியாக வந்தபோது கடற்கரைக்குச் சேர்ந்து நடந்தோம். தம்பி சற்றுப் பின்தங்கி வந்தார். "அண்ணா, இடது காலை இழுக்கிறியள். பல்லு விளக்கேக்கை ஒரு கையாலை முகங்கழுவுற பேசினைப் பிடிச்சுக்கொண்டு ஒற்றைக் காலிலை நில்லுங்கோ" என்றார். உன் பீ.ரீ. வகுப்பை என்னிடம் நடத்தாதே என்றேன். அவர் சிரித்தார். அவரைக் கொண்டுபோன நோய் அப்போதே அவருக்குள் இருந்திருக்கிறது. இப்போது காலையில் பேசினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தள்ளாட்டம் குறைந்திருக்கிறது.

இந்த மலருக்கு என்னை எழுதச் சொன்னவர் தம்பியின் மகள். "பெரியப்பா, அப்பா உங்களைத்தான் எழுதச் சொன்னவர்" என்றார். என்ன எழுதவேண்டும் என்று தம்பி சொன்னாரா என்று கேட்டேன். அது பெரியப்பாவுக்குத் தெரியும் என்றாராம்.

நோயில் அவரை இரவு பகலாகப் பார்த்த ஜேர்மன் மனைவிக்கும் மகளுக்கும், அங்கே தகனத்துக்கு வந்து நின்ற மாணவர்களுக்கும், இங்கே கிரியைகளுக்குத் தோள்கொடுத்த உறவினர், அயலவர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முன் அட்டையில் தம்பியின் பெயருக்கு முன்னால் பேராசிரியர் என்று இருப்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று எண்ணவேண்டாம். நான் சொல்லித்தான் போட்டார்கள்.

பாமன்கடை அக்கா இன்றும் இருக்கிறார். அவருக்குக் கண்பார்வை இல்லை. பக்கத்தில் இருக்கிறவர்கள் இதை அவருக்கு வாசித்துக் காட்டவேண்டும். அக்கா, வெயிலிலும் மழையிலும் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனதற்கு நன்றி. தம்பியை ஒருவரும் மாற்றவில்லை. பேராசிரியராக வரச்சொல்லி அழைத்தார்கள். அம்மாவிடம் பொய் சொன்னவன் நான்.