வலப்பக்கத்தால் ஏறவிடாத குதிரை

குதிரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நாற்பது வயதுக்குப் பிறகு தெரிந்ததுதான். கனடாவில் நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஸ்காபரோவில் கலியாணங்களுக்கு மணவறை அலங்காரம் செய்யும் ஒருவர், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென்று ஒரு வெள்ளைக் குதிரையை வாங்கி, விட்பிக்கு வடக்கே ஒரு பண்ணையில் இடம் எடுத்துக் கட்டிவைத்திருந்தார். அதைப் பார்க்க ஆள் தேவை என்றார். ஊரில் மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளை குதிரைக்குப் பயப்படமாட்டாள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். மாட்டுக்கும் நான் பயந்தவள்தான். வேலை வேண்டியிருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

அவள் பெண் குதிரை. சாதுவான சீவன். பண்ணைக்காரி எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டித்தந்தாள். குதிரையில் இடப்பக்கத்தால் ஏறுவார்கள், இடது காலைச் சேணத்தில் தொங்கும் அங்கவடியில் வைத்து மற்றக் காலைத் தூக்கிப் போடுவார்கள். உலகம் முழுக்க அப்படித்தானாம். இரண்டு கோடைகாலம் எங்கள் மாப்பிள்ளைமாரும் வேட்டிக்குள் காற்சட்டை போட்டுக்கொண்டு அப்படித்தான் ஏறினார்கள். அவளும் கல்லுப் போல நின்றாள்.

பிறகு அந்த வருசத்துக் கடைசிக் கலியாணத்தில் மாப்பிள்ளையின் மாமி ஒருவர் அதைக் கண்டுவிட்டார். மேளத்தை நிறுத்தச் சொன்னார். நல்ல காரியத்துக்குப் புறப்படுகிற பிள்ளை இடது காலையா முன்னுக்கு வைக்கிறது என்று கேட்டார். மண்டப வாசலில், நூறு பேருக்கு முன்னால், மாப்பிள்ளையை இறக்கி நடக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். குதிரையும் நானும் கார் நிறுத்துமிடத்தில் தனியே நின்றோம். அடுத்த நாள் முதலாளி பண்ணைக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி, இனி வலது பக்கத்தாலதான் ஏத்தவேணும். வலது கால் முதல்ல வைக்கிற மாதிரிப் பழக்கிவிடும்."

"அது நிக்காது அண்ணை. மற்றப் பக்கம்தான் பழக்கம்."

"நிக்காட்டி வைச்சிருந்து என்ன செய்யிறது? வாற மே மாசம் திரும்பக் கலியாணங்கள் தொடங்கப்போகுது. அதுக்குள்ள சரிவராட்டி லொறிக்காரனுக்குக் குடுத்திடுவன்."

லொறிக்காரன் இறைச்சிக்கு வாங்குகிறவன். அன்றிலிருந்து எனக்கு நித்திரை போய்விட்டது.

பனி கரையத் தொடங்கியபோது நானும் தொடங்கினேன். ஏறுவதற்கான படிப்பெட்டியை வலப்பக்கம் வைத்தேன். பெட்டியில் நான் நிற்கும்வரை சும்மா நிற்பாள். கால் அங்கவடியில் பட்டதும் காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு இரண்டு அடி விலகுவாள். விலகினால் உடனே சின்ன வட்டத்தில் சுற்றவிட்டு, திரும்பவும் பெட்டியடிக்குக் கொண்டுவருவேன். நின்றால் ஒரு கரட் துண்டு. பாரம் பழகட்டும் என்று தமிழ்க் கடையில் வாங்கிய இருபது கிலோ அரிசி மூட்டையை வலது அங்கவடியில் கட்டித் தொங்கவிட்டேன். அதை ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, என்னுடைய சொந்த மூளை. அவள் உடம்பைச் சிலிர்த்தாள். ஒருநாள் திரும்பி என் குளிர்ச்சட்டைக் கையைக் கடித்து இழுத்தாள்.

"குழப்படி செய்யாதை," என்று மூக்கில் ஒரு தட்டுத் தட்டினேன்.

எங்கள் வீடுகளில் அப்படித்தான். ஒரு பிள்ளை சோற்றுக்கு முன்னால் நெளிந்தால் குழப்படி, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றால் குழப்படி. வயிறு நோகுதோ என்று பிறகுதான் கேட்பார்கள், கேட்டால். நானும் அப்படி வளர்ந்தவள்தான். அதை மறந்துவிட்டுத்தான் ஒரு வாயில்லாச் சீவனோடு மல்லுக்கட்டினேன்.

ஏப்ரல் கடைசியில் அவள் நின்றாள். கால் வைத்தேன், பாரம் முழுவதையும் வைத்தேன், ஏறி இருந்தேன். ஓர் அடிகூட எடுக்கவில்லை. அவளுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அந்த மாதத்தில் எனக்கிருந்த ஒரே சந்தோசம் அதுதான், அதையும் இப்போது நினைக்கப் பிடிக்கவில்லை.

மே மாதம் நான்கு கலியாணங்கள். நான்கு மாப்பிள்ளைமாரும் வலது காலை வைத்து ஏறினார்கள். ஒருவர் நல்ல கனம், ஏற்றிவிட மூன்று பேர் பிடித்தார்கள். அவள் நின்றாள். எல்லோரும் படம் எடுத்தார்கள்.

ஜூனில் பல் பார்க்க வந்த மிருக வைத்தியர், போகிற போக்கில் அவள் முதுகைத் தடவி, சேணம் இருக்கும் இடத்தில் வலப்பக்கம் விரலால் அழுத்தினார். அவள் முதுகு அப்படியே கீழே இறங்கியது. முள்ளந்தண்டு எலும்புகள் ஒன்றோடொன்று உரசுகின்றன, நாள்பட்ட நோவு, இனி இவள் ஆள் சுமக்கக்கூடாது என்றார். வலப்பக்கத்தால் ஏறினால் பாரம் நேராக அந்த இடத்தில்தான் விழுமாம். பிறகு என்னைப் பார்த்து, ஏறும்போது விலகிப் போயிருப்பாளே, காதை மடித்திருப்பாளே, ஒன்றும் காட்டவில்லையா என்று கேட்டார். இரண்டு மாதமாக அவள் வேறு எதையும் காட்டவில்லை.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"மிசிசாகாவில ஒருத்தர் கலியாணங்களுக்குக் குதிரை கேட்டுக்கொண்டிருக்கிறார், சனிக்கிழமை வந்து பாப்பார். உண்மையைச் சொன்னா ஒருத்தரும் வாங்கமாட்டினம். பிறகு லொறிதான். நீர் யோசியும்."

நான் யோசித்தேன். இவளை நானே வாங்கினால் எங்கே கட்டுவது? பதினான்காம் மாடியில் இரண்டு அறை வீடு. பண்ணைக்காரியிடம் கெஞ்சிப் பார்த்தேன், சும்மா நிற்கிற குதிரைகள் ஏற்கனவே மூன்று இருக்கின்றன என்றாள்.

சனிக்கிழமை அந்த மனிதர் வந்தார். நல்ல மனிதராகத்தான் இருந்தார், அவளுக்கு ஆப்பிள் கொண்டுவந்திருந்தார். எங்கள் சனத்துக்கு வலது கால்தான் வேணும் என்றார். ஏறிக் காட்டச் சொன்னார். ஏறினேன். என் கால் அங்கவடியில் அழுந்தியபோது அவள் தோல் ஒருமுறை நடுங்கியது, எனக்கு மட்டும் தெரிந்தது. கால்கள் அசையவில்லை. பிறகு அவரும் ஏறிப் பார்த்தார். இறங்கி, முதலாளிக்குக் கேட்காத தூரத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"நீங்கள்தானே பாக்கிறனீங்கள் தங்கச்சி. மறைக்காமச் சொல்லுங்கோ. உதுக்கு ஏதும் நோவு, வருத்தம் இருக்கோ?"

"இல்லை அண்ணை," என்றேன்.

ஓம் என்றிருந்தால் அவள் அந்த மாதமே செத்திருப்பாள். இல்லை என்றதால் உயிரோடு இருக்கிறாள். சனி ஞாயிறுகளில் மிசிசாகாவில் ஏதோ ஒரு மண்டபத்து வாசலில் ஒருவன் வலது காலை வைத்து ஏறுகிறான். அவளுக்கு நோகும். ஆனால் விலகமாட்டாள். விலகினால் யாராவது ஒருவர் ஏனென்று பார்ப்பார். நான்தான் விலகாமல் நிற்கப் பழக்கிவிட்டேனே.