ரஹ்மத் மேடம் மீட்டுத் தந்த பிடி

பாடாலூர் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு மயில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பெரம்பலூர் எலும்பு கிளினிக்கில் வேலை பார்க்கும் சாந்தி பேசினார். "சார், நம்ம ரஹ்மத் மேடம் தவறிட்டாங்க. மாரடைப்பு." மயிலுக்குத் தோகை போடாமலே பஸ் ஏறினேன். இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. வலது கை விரல்கள் தாமாகவே மடங்கி மடங்கி நிமிர்ந்தன. அந்தப் பழக்கம் அவர் கொடுத்தது.

அவரைத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்தக் கிளினிக்கின் பிசியோதெரபிஸ்டான அவர் ஓரிடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை. நடந்துகொண்டேதான் டீ குடிப்பார். பாதி டீ எப்போதும் ஜன்னல் கட்டையில் ஆறிக் கிடக்கும்.

முன்பொரு முறை ரஞ்சன்குடி கோட்டைக்குப் பிள்ளைகளைப் படம் வரைய அழைத்துப்போன இடத்தில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்ட மருத்துவர், விரல்களை மட்டும் அசைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். அது யார் காதில் விழுந்தது? சொந்தமெல்லாம் ஆட்டுக்கால் சூப்போடு வந்து, "கைய ஆட்டிப்புடாத மாப்ள, எலும்பு வெலகிடும்" என்று சொல்லிவிட்டுப் போனது. துண்டில் தொட்டில் கட்டி, கையை அதில் படுக்கவைத்தார்கள். சோறுகூட மனைவி ஊட்டினாள். கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. கைதான் என் கையாக இல்லை. வீங்கிப் பளபளத்தது. விரல்கள் விறைத்திருந்தன. சட்டை உரசினாலே எரிந்தது. சாக்பீஸ் பிடிக்க முடியாத டிராயிங் மாஸ்டரை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் என்ன செய்யும்? அந்தப் பயத்தில் தூக்கம் போனது.

மருத்துவர் வலிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, கையை ரஹ்மத் மேடத்திடம் ஒப்படைத்தார். அவர் முதல் நாளே கத்தினார். "ஆட்டுக்கால் சூப் குடிச்சீங்களே சார், அடிபட்ட ஆடுகூட கால ஊனிப் பாக்குமே!"

முதலில் பருத்திப் பஞ்சால் தடவினார். பிறகு வேட்டித் துணி, அப்புறம் சாக்கு. ஒரு பேசின் நிறைய மக்காச்சோளத்தைக் கொட்டி, அதற்குள் கையை விடச் சொன்னார். பெரம்பலூர் விளைச்சல் எல்லாம் என் கைமேல் ஏறி இறங்கியது. "தொடுறதெல்லாம் வலி இல்லன்னு கை மறுபடி படிக்கணும் சார்" என்பார். முறுக்கமாட்டார்; வலி கூடினால் அன்றைக்கு அத்தோடு விடுவார். ஆனால் மறுநாள் விடமாட்டார். வெறுத்துப்போய் ஒருநாள் நான் போகவில்லை. சாயங்காலம் மக்காச்சோளப் பையோடு வீட்டு வாசலில் நின்றார். "நான் உக்கார வரல சார். கைய நீட்டுங்க."

மாதங்கள் ஓடின. கரும்பலகையில் கோடு நேராக விழுந்தது.

பின்னொரு நாள் அரியலூர் பஸ்ஸில் மேடமும் நானும் போனோம். முன் இருக்கையில் புதிதாக மாவுக்கட்டு போட்ட ஒரு அம்மா. விரல்கள் வீங்கி நீலம் பாரித்திருந்தன.

"மரத்துப்போச்சாம்மா?" என்று கேட்டார் மேடம்.

"ஆமாங்க. கட்டு போட்டா அப்படித்தான் இருக்கும்னாங்க."

"அல்லாவே, இருக்கக்கூடாதும்மா! எறங்குங்க."

கண்டக்டர் திட்டத் திட்ட பஸ்ஸை நிறுத்தி, அந்த அம்மாவை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். கட்டை வெட்டித் தளர்த்திய பிறகுதான் மூச்சு விட்டார். அவரை அவசரக்காரர் என்று நானே கேலி செய்ததுண்டு. அந்த அவசரம்தான் அன்று ஒரு கையைக் காப்பாற்றியது.

தன் நெஞ்சுவலிக்கு மட்டும் அவர் அவசரப்படவில்லையாம். "கேஸ் பிடிப்பு, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு நாளெல்லாம் வேலை பார்த்தாராம். எனக்கு மனம் ஆறவே இல்லை. யாராவது ஒருவர் அவரைக் கையைப் பிடித்து பஸ்ஸிலிருந்து இறக்கியிருக்கக் கூடாதா?

அடக்கத்துக்கு அவரை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியபோது, அவருடைய தம்பி நகர்ந்து எனக்கும் இடம் விட்டார். தோள் கொடுத்து, வலது கையால் கம்பைப் பிடித்தேன். மணிக்கட்டு வலித்தது. பிடி விடவில்லை. அவர் தந்ததாக என்னிடம் இருப்பது அந்தப் பிடிதான்; அதைக்கொண்டே அவரை வழியனுப்பினேன்.