லிஃப்டுக்குள் அழுத மச்சான்

நம்பினால் நம்புங்கள், சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். ஃபோனை லிஃப்ட் குழிக்குள் போட்டது மட்டும் பேய் இல்லை. நான்.

பேய் என்றால் நள்ளிரவு, மழை, நாய் ஊளை எல்லாம் வேண்டும் என்பார்கள். என்னிடம் வந்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எல்லோரும் விடுமுறையில் இருக்க, எனக்கும் அதற்கும்தான் அன்று வேலை இருந்தது.

நான் லிஃப்ட் மெக்கானிக். காலியான ஓர் ஆபீஸ் கட்டடத்தில், ஐந்தாவது மாடியில், கேபினின் தலைமேல் இருக்கும் கதவு காண்டாக்டை, அதாவது கதவு மூடினால்தான் லிஃப்டை ஓடவிடும் ஸ்விட்சை, மாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு ஸ்க்ரூ. ஒன்றை முடுக்கியாயிற்று. அப்போது ஃபோன் அடித்தது.

மச்சான். என் மனைவியின் தம்பி.

எடுக்கவில்லை. 'நீ கூப்பிட்டா நான் எடுக்கணுமா?' என்று ரோஷமாகச் சட்டைப் பைக்குள் திணித்தேன். ரோஷம் பைக்குள் போனது. ஃபோன் வெளியே நழுவி, வாசலுக்கும் கேபினுக்கும் நடுவிலிருந்த இரண்டு விரல் இடைவெளியில் விழுந்தது.

டொக்... டொக்... டப்.

மச்சான் மேல் எனக்கு என்ன கோபம் என்று கேட்பீர்கள். கோபம் இல்லை, பச்சைப் பொறாமை. இருவரும் ஒரே பாட்டிலில் குடித்தவர்கள், ஒரே சாக்கடையில் விழுந்தவர்கள், ஒரே நாளில் சிகிச்சைக்குச் சேர்ந்தவர்கள். வெளியே வந்து நான் நடுவில் ஒரு தடவை சறுக்கினேன். அவன் சறுக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கே அவனுக்கு மேடை, மெடல், எங்கள் லிஃப்ட் கம்பெனியிலேயே சூப்பர்வைசர் வேலை. என் மாமியார் அவன் மெடலை ஷோகேஸில் வைத்திருக்கிறார். என் கல்யாண ஃபோட்டோவை நகர்த்திவிட்டு.

வீட்டில் தினமும் இதே பாட்டுதான். "என் தம்பியப் பாருங்க, எப்படி இருக்கான்!"

பார்த்தேன். கன்னத்தில் சதை போட்டிருந்தான். அதையும் என்னால் தாங்க முடியவில்லை.

"நெஜமா ஒரு தடவகூட தொடலையாடா?" என்று பலமுறை கேட்டிருக்கிறேன்.

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் மாமா" என்பான். அது ஒரு பதிலா?

குடியை விட்டவர்கள் கூடும் எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. ஆசை எழும்பினால் ஜோடிக்காரனைக் கூப்பிட வேண்டும். அவன் கூட உட்காருவான். புத்தி சொல்லக் கூடாது. "எதிர்ல என்னென்ன இருக்கு, சொல்லு" என்று மட்டும் கேட்பான். கண்ணில் படுவதை எல்லாம் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஆசை ஓர் அலை, கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடும் என்பார் டாக்டரம்மா. "குடி கைக்கு வர்றது கடைசிலதான். அதுக்கு ரொம்ப முன்னாடியே மனசுக்கு வந்துடும்" என்றும் சொல்வார்.

என் ஜோடிக்காரன் யார் என்கிறீர்கள்? அதே மச்சான்தான். அதனால் சில வாரங்களாகக் கூட்டத்துக்கும் போகவில்லை, அவனையும் கூப்பிடவில்லை. அன்று மத்தியானம் ஒரு சின்ன பாட்டில் வாங்கி, சிவப்புத் துணியில் சுற்றி டூல்ஸ் பையில் வைத்திருந்தேன். காண்டாக்ட் துடைக்கிற ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது, அவசரத்துக்கு உதவும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நானும் நம்பினேன். என்னை ஏமாற்ற என்னை விட்டால் ஆள் கிடையாது.

ஃபோனை எடுக்கக் கீழே போகும் அவசரத்தில் இரண்டாவது ஸ்க்ரூவை மறந்து, பையோடு லிஃப்டில் ஏறினேன். மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் காண்டாக்ட் ஆடியது.

லிஃப்ட் நின்றது.

பெரிய விளக்கை வேலைக்காக நானே அணைத்திருந்தேன். சின்னப் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. ரிப்பேர் என் தலைக்கு மேலே, நான் உள்ளே. மணியை அழுத்தினேன். கதவைத் தட்டினேன். செக்யூரிட்டி அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார்.

பின்சுவரில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, பட்டன் பலகையைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தேன். பையைத் திறந்தேன். துடைக்க வேண்டிய காண்டாக்ட் எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

மூடியைத் திருகினேன். சீல் உடைந்தது.

டிக்.

பலகையில் இருந்த இன்டர்காம் உடனே கரகரத்தது.

"மாமா..."

மச்சான் குரல்.

"நீயா? செக்யூரிட்டி சொன்னாரா? எங்கிருந்து பேசுற?"

"மாமா... நான் குடிச்சிட்டேன்."

மறைக்காமல் சொல்கிறேன். எனக்குள் கல்யாண மேளம் கொட்டியது. ஷோகேஸில் இருந்து மெடல் கீழே விழுவது கண்ணுக்குத் தெரிந்தது. என் மனைவி இனி யாரைப் பார்க்கச் சொல்வாள்? இதைக் கொண்டாடாமல் வேறு எதைக் கொண்டாடுவது? பாட்டிலை உதடு வரை கொண்டுபோனேன்.

வாசனை வந்துவிட்டது.

அப்போது அவன் அழுதான். சிகிச்சையின் முதல் நாள் பக்கத்துக் கட்டிலில் அழுதானே, அதே அழுகை. அன்று அவன் கை நடுங்கி டம்ளரைப் பிடிக்க முடியாமல் போனபோது, நான்தான் பிடித்துத் தண்ணீர் கொடுத்தேன். என் கையும் நடுங்கியது. இருவர் சட்டையும் நனைந்தது.

அந்த நினைப்பு வந்ததும் மேளம் நின்றுவிட்டது.

பாட்டிலை மூடித் தரையில் வைத்தேன்.

"டேய், அழாத. நான் கூட உட்கார்றேன்" என்றேன்.

எங்கேயோ தண்ணீர் சொட்டும் சத்தம். சொட்... சொட்... மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கவில்லை. இவ்வளவு அழுகிறவன் ஒரு தடவைகூட மூக்கை உறிஞ்சவில்லை. அது ஏனோ உறுத்தியது.

"எதிர்ல என்னென்ன இருக்கு, சொல்லு."

"வெளிச்சம்."

"என்ன வெளிச்சம்?"

"பச்ச வெளிச்சம்."

எனக்கு இன்னும் உறைக்கவில்லை. "சரி. அப்புறம்?"

"ஒரு பை."

"அப்புறம்?"

"செவப்புத் துணி... பாட்டில்..."

கேட்கக் கூடாது என்று தெரிந்தது. பழக்கதோஷம், வாய் கேட்டுவிட்டது.

"அப்புறம்...?"

"முதுகு."

"யார்..."

"உங்க முதுகு."

குரல் பலகையில் இருந்து வரவில்லை.

பின்னால் இருந்து வந்தது.

பின்னால் கண்ணாடிதான்.

திரும்பவில்லை.

சொட்...

கழுத்தில் ஈரம்.

"குடிங்க மாமா..."

கண்ணை மூடிக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியாததால் கையால் தடவித் தடவி, பட்டதை எல்லாம் உரக்கச் சொன்னேன். தரை. செருப்பு. என் முட்டி. ஸ்பேனர். தரை. செருப்பு. என் முட்டி...

எவ்வளவு நேரம் சொன்னேனோ தெரியாது. கேபின் ஒரு குலுக்குக் குலுக்கி இறங்க ஆரம்பித்தது. செக்யூரிட்டி அண்ணன் மெஷின் ரூமுக்குப் போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றியிருக்கிறார். இரண்டாவது மாடியில் கதவைத் திறந்தபோது நான் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். மனிதர் பதறிப்போனார்.

"என்ன சார், யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க? மேல வரைக்கும் கேட்டுச்சு."

"இன்டர்காம்ல... என் மச்சான்..."

"எந்த இன்டர்காம்? உங்க சூப்பர்வைசர் சார்தான் போன தடவ வந்தப்ப அத கழட்டி, ஒயரையும் வெட்டி எடுத்துட்டுப் போயிட்டாரே!"

டார்ச் அடித்துப் பார்த்தேன். பலகையில் சல்லடை மாதிரி துளைகள் இருந்தன. துளைகளுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

பாட்டிலை அவர் கண் முன்னாலேயே கழுவுதொட்டியில் கவிழ்த்தேன். ஃபோனைக்கூடத் தேடாமல் நேராக மச்சான் வீட்டுக்குப் போனேன். மறுநாள் கூட்டத்து மேடைக்குச் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். தெளிவாக இருந்தான். முகர்ந்தும் பார்த்தேன்.

"என்ன மாமா, மோப்ப நாய் மாதிரி?"

"சாயங்காலம் என்கிட்ட பேசினியா?"

"கூப்பிட்டேன். நீங்கதான் எடுக்கல."

"அந்தப் பழைய பில்டிங் லிஃப்ட்ல இன்டர்காம ஏன் கழட்டின?"

இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேலேயே நின்றுவிட்டது.

"விடுங்க மாமா. சாப்டீங்களா? உட்காருங்க..."

"ஆசீர்வாதம் கீசீர்வாதம்னு ஆரம்பிக்காத. நேரா சொல்லு. நான் இன்னிக்கு அதுக்குள்ள இருந்தேன்."

என் முகத்தைப் பார்த்தான். இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தான். சட்டையில் பழுப்பாக ஒரு தழும்பு விழுந்திருந்தது.

"போன தடவ நானும் மாட்டிக்கிட்டேன் மாமா. இன்டர்காம்ல ஒருத்தர் அழுதாரு. 'திரும்பக் குடிச்சிட்டேன்'னு சொன்னாரு. எனக்குப் பாவமா இருந்திருக்கணும். இல்ல... சந்தோஷம் தாங்கல. வெளிய வந்ததும் நேரா கடைக்குத்தான் போனேன். மூணு நாள் குடிச்சேன். யார்கிட்டயும் சொல்லல. அந்த மெடல் பொய்."

"ஒருத்தன் குடிச்சா உனக்கு என்னடா சந்தோஷம்?"

"கூட்டத்துல நான் பேசினா கைதான் தட்டுறாங்க. அவர் பேசினா எல்லாரும் சிரிக்கிறாங்க, போகும்போது கட்டிப்பிடிச்சிட்டுப் போறாங்க. எனக்கு வயிறு எரியும்."

"யாருடா அது? யார் குரல்?"

அவன் கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"உங்க குரல், மாமா."